கப்பல் கிடக்கும் ஊர்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் துலாம்பென் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கடற்கரையில் மணலைவிடக் கல்தான் அதிகம். முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டு தேய்ந்த கருங்கற்கள். அலை பின்வாங்கும்போதெல்லாம் அவை ஒன்றையொன்று உரசிக் கடகடவென்று ஒலிக்கும். விடிந்தும் விடியாத நேரத்தில் அந்தக் கற்களின்மேல் பெண்கள் நடந்து வருவார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் காற்று அடைத்த அலுமினியச் சிலிண்டர். வெறும் சிலிண்டரே ஏறத்தாழ 14 கிலோ. காற்றை நிரப்பி, மூச்சுக் கருவியையும் மிதவைச் சட்டையையும் பூட்டிவிட்டால் எடை இன்னும் ஏறும். சிலர் ஒரே நடையில் இரண்டைக் கொண்டுபோவதும் உண்டு. கனத்த ரப்பர்க் காலணி போட்ட பயணி அடிக்கு அடி தடுமாறும் அந்தக் கரையில், இவர்கள் சாதாரணச் செருப்புடன் நிமிர்ந்து நடப்பார்கள்.

முக்குளிக்க வருபவர்கள் துலாம்பெனையும் அதற்குத் தென்கிழக்கில் கடலோரமாக நீளும் அமெட்டையும் 'அமைதியான ஊர்கள்' என்றே ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்கிறார்கள். தென்பாலியின் நெரிசலிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். இரவுக் கூத்துகள் கிடையாது, உயர்ந்த கட்டடங்கள் கிடையாது. மாலை ஏழு மணிக்குமேல் கேட்பது கல்லின் ஓசையும் நாய்க் குரைப்பும்தான். இந்த அமைதி எதனால் ஆனது, யார் அதற்கு விலை கொடுக்கிறார்கள், வருபவர் கூடக் கூட அது நிற்குமா என்ற கேள்விகள் இந்த ஒரு கரைக்கு மட்டும் உரியவை அல்ல. வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றில் இன்று இவையே கேள்விகள். ஆனால் துலாம்பெனில் இவற்றுக்கான விடைகள் கண்ணெதிரே கிடக்கின்றன. அவற்றில் ஒன்று கடலுக்கடியில் கிடக்கும் ஒரு கப்பல்.

அந்தக் கப்பலின் பெயர் லிபர்ட்டி. இரண்டாம் உலகப் போரில் அவசர அவசரமாகக் கட்டப்பட்ட 'லிபர்ட்டி வகை'ச் சரக்குக் கப்பல்களுள் ஒன்று இது என்று பலர் எழுதிவிடுகிறார்கள், அது பிழை. இது 1918-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 125 மீட்டர் நீளமுள்ள பழைய சரக்குக் கப்பல். 1940-இல் அமெரிக்கத் தரைப்படை இதைத் தன் பணிக்கு எடுத்துக்கொண்டது. 1942 ஜனவரியில் ரயில் உதிரிபாகங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 11-ஆம் தேதி லோம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று இதைத் தாக்கியது. ஓர் அமெரிக்க நாசகாரிக் கப்பலும் ஒரு டச்சு நாசகாரிக் கப்பலும் சேர்ந்து, வடகரைத் துறைமுகமான சிங்கராஜாவுக்கு இதை இழுத்துப் போக முயன்றன. வழியிலேயே தண்ணீர் ஏறிவிட்டது. மூழ்குவதற்குமுன் கரையேற்றிவிடுவோம் என்று துலாம்பென் கரையில் கொண்டுவந்து ஏற்றினார்கள். சரக்கையும் கழற்ற முடிந்த பொருள்களையும் எடுத்த பிறகு, 21 ஆண்டுகள் அந்த இரும்புக் கூடு கரையிலேயே கிடந்தது.

அதே போர் நம் பக்கத்துக் கடலிலும் நடந்தது. லிபர்ட்டி தரைதட்டி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1942 ஏப்ரல் 9 அன்று, பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. தனிப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே படகில் போய் இறங்க முடியும். லிபர்ட்டியோ கரையிலிருந்து முப்பது மீட்டர் நீந்தினால் கிடைத்துவிடும். அதன் மேல்பகுதி ஐந்து மீட்டர் ஆழத்திலும் அடிப்பகுதி ஏறத்தாழ முப்பது மீட்டர் ஆழத்திலும் சாய்ந்து கிடக்கிறது. புதிதாகக் கற்றவரும் பார்க்கலாம்; முகக்கண்ணாடி மட்டும் மாட்டிக்கொண்டு மேலே மிதப்பவர்கூடப் பார்க்கலாம். ஒரு கப்பல் எந்த ஆழத்தில் போய் நின்றது என்பதே பின்னால் ஓர் ஊரின் பிழைப்பைத் தீர்மானித்துவிட்டது. மட்டக்களப்புக் கரைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அங்கே பல்லாண்டு உள்நாட்டுப் போர் வேறு குறுக்கே நின்றது.

கரையில் கிடந்த லிபர்ட்டியைக் கடலுக்குள் தள்ளியது அகுங் மலை. 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த இந்த எரிமலை பாலி மக்களுக்குத் திசையின் மூலம். மலைப்பக்கம், கடல்பக்கம் என்றே அவர்கள் வீட்டையும் கோயிலையும் படுக்கையையும் அமைக்கிறார்கள். 1963 பிப்ரவரி 18-இல் அது விழித்தது. அந்த ஆண்டு பெசாகிஹ் பெருங்கோயிலில், நூற்றாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய ஏகாதச ருத்ர வேள்விக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. மலை புகைந்துகொண்டிருக்கும்போதே வேள்வியும் தொடர்ந்தது. மார்ச் 17-இல் பெருவெடிப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வடக்குச் சரிவில் எரிமலைக் குழம்பு சுமார் ஏழு கிலோமீட்டர் ஓடியது. விண்ணில் ஏறிய கந்தகத் துகள்கள் உலகத்தின் சராசரி வெப்பத்தையே சற்றுத் தணித்தன. அந்த நடுக்கங்களில் லிபர்ட்டி கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. கரையில் இன்று உருளும் கற்களும் அந்த மலை காலங்காலமாகக் கக்கியவைதான்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயணி 'அமைதி' என்று பெயர் சூட்டுவதை ஊர்க்காரர் வறட்சி என்றே நெடுங்காலம் அறிந்திருந்தார். அகுங்கின் வடகிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. அஞ்சலட்டைகளில் வரும் அடுக்கு வயல்கள் இங்கே இல்லை. ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி கல்லாகவே கிடக்கும். சோளம், மரவள்ளி, முந்திரி, பிறகு பனை. நாம் பனை என்பதே அவர்களுடைய லொந்தார்; பாலியின் ஏடுகள் எழுதப்பட்டதும் அதன் ஓலையில்தான். பனை மட்டும் தாக்குப்பிடிக்கும் நிலம் எப்படி இருக்கும் என்று இராமநாதபுரத்துக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. துலாம்பென் அடங்கிய குபு வட்டத்தின் மேட்டுக் குக்கிராமங்களில் பணியாற்ற 1998-இல் தொடங்கப்பட்ட கிழக்குப் பாலி வறுமை ஒழிப்புத் திட்டம் அங்கே கண்டது, எழுதப் படிக்கத் தெரியாமையும் அயோடின் குறைபாடும் குடிநீர்த் தட்டுப்பாடும். அந்தக் குக்கிராமங்களுக்குக் கீழேதான், கண்ணுக்கெட்டும் தூரத்தில், வெளிநாட்டவர் கடலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, இந்தக் கரையை நெரிசலிலிருந்து காத்தவை தூரமும் தாகமும் கல்லும் மலை குறித்த அச்சமும். குளித்து வெயில் காய மணல் வேண்டும் என்பவர் இங்கே தங்கமாட்டார். பெரிய விடுதி கட்டத் தண்ணீர் போதாது. எவையெல்லாம் ஊரை ஏழையாக வைத்தனவோ அவையே அதன் காவலாகவும் இருந்தன. அமைதியைத் தேடி வருபவர் இதை மறந்துவிட்டால், ஊர்க்காரருக்கு ஒரு நல்ல சாலையோ குழாய்த் தண்ணீரோ வருவதைக்கூட இழப்பாகவே பார்ப்பார். அப்படிப் பார்ப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

கல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உலகின் பெரும்பாலான முக்குளிப்பு ஊர்களில் படகு வைத்திருப்பவர் கையில்தான் வருமானம் சேரும். துலாம்பெனில் படகுக்கு அவசியமில்லை, கரையிலிருந்தே இறங்கலாம். ஆனால் கற்களின்மேல் சிலிண்டரைச் சுமந்து போகப் பயணியால் முடியாது. அந்த இடைவெளியில்தான் சுமை தூக்கும் பெண்களின் வேலை பிறந்தது. அவர்கள் குழுவாகச் சேர்ந்து, முறை வைத்து, சுமைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். முதலீடு இல்லாத குடும்பத்துக்கும் கடலிலிருந்து ஒரு பங்கு இப்படிக் கிடைக்கிறது. தள்ளுவண்டி, பாதை, சறுக்கு மேடை என்று எதையாவது போட்டு இந்தச் சுமையைக் குறைக்கலாமே என்று மனிதாபிமானத்தோடு கேட்பவர்கள் உண்டு. முதுகும் கழுத்தும் தேயும் வேலை என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதையைப் போடும் நாளில் கூலி யாருக்குப் போகும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். கூலி உயர வேண்டும், ஒரு நடைக்கு ஒரு சிலிண்டர் என்ற வரம்பு வேண்டும், வயதானபின் ஏதேனும் ஆதரவு வேண்டும். பயணி தரும் கட்டணத்தில் இதற்கு இடமுண்டு. வேலையையே எடுத்துவிடுவது தீர்வாகாது.

கடல் வேலையில் கரையில் நிற்பவரின் பங்கை நம் மொழி நன்றாகவே அறியும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவரின் உயிர், மேலே கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. கயிற்றை மச்சான் பிடிக்க வேண்டும், தங்கை தாலிக்காக அவன் கைவிடமாட்டான் என்று நம் கடலோரத்தில் சொல்வார்கள். அங்கே குளித்தவரும் கூலிக்காரர், கயிறு பிடித்தவரும் கூலிக்காரர். துலாம்பெனில் குளிப்பவர் காசு கொடுத்து வருகிறார், கூலிக்காரர் கரையோடு நின்றுவிடுகிறார். கடல் பிழைப்பிலிருந்து பொழுதுபோக்கான இந்த மாற்றத்தில், கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாதவராகிவிடுவது எளிது.

இனி கடலுக்குள். லோம்போக் நீரிணை வழியாகப் பசிபிக்கின் நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் இடையறாது பாய்கிறது. நம் மீனவர் நீவாடு என்பார்களே, அதன் மிகப் பெரிய வடிவம். இயற்கையியலாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1856-இல் பாலியிலிருந்து லோம்போக்குக்குக் கடந்தபோது, இந்தக் குறுகிய நீரின் இரு கரைகளிலும் பறவைகள் வேறு வேறாக இருப்பதைக் கண்டு வியந்தார். அவர் பெயரிலான கோடு இங்கேதான் ஓடுகிறது. பறவைக்கும் விலங்குக்கும் எல்லையாக நின்ற நீரிணை, மீனுக்கும் பவளத்துக்கும் வழியாயிற்று. லிபர்ட்டியின் விலாக்கள்மேல் இன்று பவளமும் கடற்பஞ்சும் கடல்விசிறியும் அப்பியிருக்கின்றன. கண்கள் பெருத்த பாரைகள் கூட்டமாகச் சுழல்கின்றன. நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவில் கப்பலுக்குள் உறங்கி, விடியலில் வரிசையாக வெளியேறுகின்றன. அந்தக் காட்சிக்காகவே பலர் ஊரில் தங்குகிறார்கள். இந்த மீன்கள் ஊருக்குச் செய்யும் உதவியைக் கணக்கில் எழுதவேண்டும்: தென்பாலியிலிருந்து காலையில் கிளம்பி நண்பகலில் குளித்து மாலையில் திரும்புபவர் ஊரில் ஒரு சோற்றுக்கான காசைத்தான் விட்டுப்போகிறார், கிளிமீனைப் பார்க்க விரும்புபவரோ இரவு தங்கியே ஆகவேண்டும்.

எத்தனை பேர் இறங்கினால் ஒரு கடல் தாங்கும்? இதை முதலில் எண்ணிப் பார்த்த ஆய்வாளர்களுள் ஜூலி ஹாக்கின்ஸும் கேலம் ராபர்ட்ஸும் முக்கியமானவர்கள். செங்கடலிலும் கரீபியத் தீவான பொனேரிலும் அவர்கள் செய்த ஆய்வுகளிலிருந்து, ஓரிடத்தில் ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் முக்குளிப்புகளைத் தாண்டினால் பவளத்தின் சேதம் சட்டென்று கூடுகிறது என்ற கணக்கு பிறந்தது. ஒரு நாளைக்கு இருபது பேர் ஒருமுறை இறங்கினாலே ஆண்டுக்கு 7,300 ஆகிவிடுகிறது. துலாம்பெனில் ஒரு நல்ல காலைப்பொழுதிலேயே இருபதைத் தாண்டும். அந்த எண்ணை எல்லாக் கடலுக்கும் அப்படியே பொருத்த முடியாது; இரும்பின்மேல் வளர்ந்த பவளமும் இயற்கைப் பாறைப் பவளமும் ஒன்றல்ல. ஆனால் எண்ணைவிட முக்கியமான இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. எகிப்தின் ராஸ் முகம்மதில் 1990-களில் நடந்த ஆய்வு ஒன்றில், இறங்குமுன் சிறிது நேரம் பவளம் என்பது உயிர் என்று விளக்கிச் சொன்னதுமே, குளிப்பவர்கள் அதைத் தொடுவதும் மோதுவதும் வெகுவாகக் குறைந்தன. செலவே இல்லாத மருந்து இது. ஆனாலும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். மிதப்பைச் சமன் செய்யத் தெரியாதவர் கையில் கேமரா கொடுத்து அனுப்பும் வழிகாட்டிகளை எங்கும் காணலாம். கற்றவர் பெருமைக்காக ஆழம் போவது இருக்கட்டும். பவளத்தின் அருகில் போகுமுன் அசையாமல் மிதக்கப் பழகட்டும்.

பவளத்தைக் காப்பதில் பொனேர் முன்னோடி. அங்கே கடற்பூங்கா 1979-இலேயே அமைந்தது. 1992 முதல் ஒவ்வொரு முக்குளிப்பாளரும் கட்டணம் கட்டினார், அந்தப் பணம் பூங்காவுக்கே போனது. பாலியின் வடமேற்கில் பெமுத்தெரான் வேறு வழி கண்டது. வெடிவைத்தும் சயனைடு தெளித்தும் மீன் பிடித்ததால் அதன் பவளம் நொறுங்கியிருந்தது. 2000-இல் ஆய்வாளர்களான வோல்ஃப் ஹில்பெர்ட்ஸும் டாம் கோரோவும் அங்கே கடலடியில் இரும்புச் சட்டங்களை நட்டு மெல்லிய மின்னோட்டம் செலுத்தினார்கள். கடல்நீரின் சுண்ணாம்பு கம்பியில் படிந்தது. உடைந்த பவளத் துண்டுகளைக் கட்டி வைத்தால் அதன்மேல் வளர்ந்தன. முன்பு வெடி வைத்தவர்களின் ஊரே காவலுக்கு ஆளனுப்பியது. 2012-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் எக்குவேட்டர் பரிசு இந்த ஊருக்குக் கிடைத்தது. துலாம்பெனுக்கு மேற்கே உள்ள லெஸ் கிராமத்தினரும் அலங்கார மீனுக்காகச் சயனைடு பயன்படுத்தியவர்களே. அவர்கள் வலைக்கு மாறிப் பவளத்தை மீண்டும் நடத் தொடங்கினார்கள். சட்டத்தைவிட, கடலைப் பயன்படுத்துபவரே காவலராக மாறிய இடங்களில்தான் பலன் நீடித்திருக்கிறது என்பது இவற்றை அடுத்தடுத்துப் பார்க்கும்போது தெரிகிறது.

அமெட்டின் கதை வேறு. அமெட் என்று இன்று சொல்வது ஒரே ஊர் இல்லை. ஜெமெலுக், புனுத்தான், லிப்பா, செலாங், பான்யுனிங் என்று குன்றுகளுக்கு இடையே வளைகுடாவுக்கு ஒன்றாக ஊர்கள். ஒவ்வொரு கரையிலும் இருபுறமும் மூங்கில் மிதவைக் கழி நீட்டிய ஜுகுங் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். விடியுமுன் பாய் விரித்துச் சூரைக்குப் போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். பிறகு அதே படகில் பயணிகள். இங்கே உப்பு விளைவிக்கும் முறை நம் உப்பளத்திலிருந்து மாறுபட்டது: கடல்நீரை மண்மேல் தெளித்து உலர்த்தி, அந்த மண்ணைக் கூம்புக் கூடையில் வடித்து, கிடைத்த அடர்நீரைக் குடைந்த தென்னந்தண்டுகளில் ஊற்றி வெயிலில் வைப்பார்கள். அமெட் உப்புக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் உப்புக்கு வேண்டியது கடலோரச் சமநிலம்; விடுதிக்கு வேண்டியதும் அதேதான். விடுதி கொடுக்கும் விலையை உப்பால் கொடுக்க முடியாது. குறியீடு கிடைத்த பொருளைச் செய்ய இடமில்லாமல் போகும் நிலை இது. அண்மைக் காலத்தில் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிக் குளிக்கும் இளைஞர் கூட்டம் அமெட்டை நிரப்பத் தொடங்கியிருக்கிறது. இவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். சுமை தூக்குபவரின் தேவை இவர்களுக்கு இல்லை. ஒரு விளையாட்டு மாறியதும் வருமானத்தின் பாதையும் மாறிவிடுகிறது.

சுற்றுலாவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரை அடுத்தடுத்துப் பார்த்தது. 2017 செப்டம்பரில் அகுங் மீண்டும் அசைந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். நவம்பர் இறுதியில் சாம்பலால் விமான நிலையமே சில நாள் மூடப்பட்டது. பிறகு கொரோனா. 2019-இல் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்த பாலிக்கு 2021-இல் வந்தவர்களைச் சில டஜன் என்று எண்ணிவிடலாம். பக்கத்துத் தீவான லெம்போங்கானில் விடுதி வேலையை இழந்தவர்கள் கடற்பாசி வளர்ப்புக்குத் திரும்பினார்கள். படகை விற்காதவரும், பனையை வெட்டாதவரும், உப்புத் தண்டை எரிக்காதவரும் அந்த ஆண்டுகளைக் கடந்தது சற்று எளிதாக இருந்திருக்கும். ஆகவே பழைய தொழில்கள் பயணி படம் எடுப்பதற்காக வைக்கப்பட வேண்டியவை அல்ல. அவை ஊரின் இருப்புப் பணம்.

வருபவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முக்குளிப்பவருக்கு அழுத்த நோய் வந்தால், சிகிச்சைக்கான அழுத்த அறை இருப்பது தென்பாலியின் டென்பசாரில். மூன்று மணி நேரச் சாலைப் பயணம். அதனால் இங்கே எல்லையைத் தொட்டுப் பார்க்கும் முக்குளிப்பு கூடாது. குளித்த அன்றே 1,500 மீட்டர் உயரமுள்ள கிந்தாமணிக்கு ஏரி பார்க்கக் கிளம்புவது, பலரும் அறியாமல் செய்யும் ஆபத்து. உடலில் கரைந்த நைட்ரஜனுக்கு மலையும் விமானம் போலத்தான். பல நாள் குளித்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் லாரியில் வரும் கரையில் நீண்ட குளியல் வேண்டாம். நண்பகல் கூட்டத்தில் ஒருமுறை இறங்குவதைவிட இரண்டு இரவு தங்கி விடியலில் இறங்குவது மீனுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

பாலிக்காரர்கள் அமைதியைத் தாங்களாகவே உண்டாக்கும் நாளும் ஒன்று உண்டு. சக ஆண்டுப் பிறப்பான நியெபி. அதற்குமுன் கோயில் திருவுருக்களைக் கடலுக்குக் கொண்டுவந்து தூய்மைச் சடங்கு செய்வார்கள். கடலின் தெய்வம் அவர்களுக்குப் பருணன், தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்குச் சொன்ன அதே வருணன். நியெபி அன்று ஒரு பகலும் ஓர் இரவும் விளக்கில்லை, வேலையில்லை, பயணமில்லை. விமான நிலையம் மூடப்படும். எந்த நாட்டுப் பயணியானாலும் விடுதிக்குள்ளேயே இருக்கவேண்டும். ஊர்க்காவலர் தெருவில் சுற்றி வருவார்கள். கடலுக்கும் அன்று விடுமுறை. வறட்சி கொடுத்த அமைதியை ஒரு தண்ணீர்க் குழாய் கலைத்துவிடும். ஊரே கூடி விதித்துக்கொண்ட இந்த அமைதியைக் கலைக்க எந்த முதலீட்டாலும் இதுவரை முடியவில்லை. கரையோரக் கட்டடத்தின் உயரம், ஒரு நேரத்தில் கப்பலில் இறங்குவோர் எண்ணிக்கை, சுமைக்கூலி எல்லாவற்றையும் இதே ஊர்க்கூட்டங்கள் தம் மரபு விதிகளுக்குள் கொண்டுவர முடியும் என்றே நம்புகிறேன்.

காலம் அதிகமில்லை. லிபர்ட்டிக்கு நூறு வயது கடந்துவிட்டது. உப்புநீரில் இரும்பு ஆண்டுதோறும் மெலிகிறது; சில பகுதிகள் ஏற்கெனவே சரிந்துவிட்டன. விலா ஒன்று விழுந்தால் அதன்மேல் பல ஆண்டுகள் வளர்ந்த பவளமும் மணலில் விழுகிறது. கடைசி முக்குளிப்பு முடிந்ததும் பயணிகள் கற்களில் தடுமாறிக் கரையேறுகிறார்கள். சிலிண்டர்கள் ஈரத்தோடு கற்கள்மேல் கிடக்கின்றன. உள்ளே இருந்த காற்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ அடியில் குமிழியாகிப் போயிருக்கும். மிச்ச எடை அப்படியே இருக்கிறது. பெண்கள் குனிந்து, சும்மாட்டைச் சரிசெய்து, அதைத் தூக்குகிறார்கள்.